பதம் போவதற்குள் ஒரு தீவு

கடலைப் பார்த்தால் மனம் லேசாகிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்குக் கோபம்தான் வரும். கோவில்பட்டியில் பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் வரும் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அதை யாரும் பின்னால் தள்ளிவிடாமல் காவல் காக்கிறவன் நான். இவ்வளவு தண்ணீரையும் ஒரே இடத்தில் கொட்டி, அதில் உப்பையும் போட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் வேறு என்ன வரும்?

அப்படிப்பட்டவன் எண்பத்தொன்றிலோ எண்பத்திரண்டிலோ, ஒரு புரட்டாசி மாதம், கடலுக்குள் இருக்கும் ஒரு சின்னத் தீவுக்குப் போய்விட்டு வந்தேன். ஆசைப்பட்டுப் போகவில்லை. என் தங்கை எஸ்தர் அனுப்பியதால் போனேன்.

எனக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. ஆபீஸ் என்றதும் மேசை, மின்விசிறி என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலைக்கே அதுதான் பெயர். மருந்தில் முக்கியெடுத்த குச்சிகளைச் சட்டம் சட்டமாகக் காயவைத்து எடுக்கும் பகுதி என் பொறுப்பு. வானத்தில் மேகம் கூடினால் நான் சட்டங்களைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவேன். எஸ்தருக்கோ நாகலாபுரம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரிப் புஞ்சை. மேகம் கூடாவிட்டால் அவள் வரப்பில் நின்று வானத்தையே பார்ப்பாள். பண்டிகைக்குச் சேர்ந்து கோவிலுக்குப் போனால் அவள் மழைக்கு ஜெபிப்பாள், நான் வெயிலுக்கு ஜெபிப்பேன். கர்த்தர் பாடு திண்டாட்டம்தான்.

அந்த வருஷம் அவள் ஜெபம் ஜெயித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்ததில் குச்சி காயாமல் ஆபீசை ஒரு வாரம் பூட்டிவிட்டார்கள். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார எனக்கு வராது. தின்ற சோறு செரிக்காமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தபோது எஸ்தர் வந்து நின்றாள், கணுக்கால்வரை கரிசல் மண் அப்பிய காலோடு.

அவள் புருஷன் தனராஜ் தை மாதம் வீட்டைவிட்டுப் போனவர். வேம்பார்க் கடலில் கம்பெனிக்கு விற்கப் பாசி எடுக்கிற வேலை இருக்கிறது, ஆடியில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு கடிதம் வந்தது. வைகாசிக்குப் பிறகு அதுவும் இல்லை. ஆடி போய், ஆவணியும் போய், இதோ மழையும் பெய்துவிட்டது.

“அண்ணன், நாளைக்குப் பதம் வந்துரும். மூணு நாளு, கூடிப்போனா நாலு நாளு நிக்கும். அவிய வந்து மொதக் கையி போடணும்” என்றாள்.

கரிசலை அறியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். மழை பெய்த கையோடு அந்த மண்ணில் கால் வைக்க முடியாது, முழங்கால்வரை இழுக்கும். கொஞ்சம் உலர்ந்ததும் மாவு பிசைந்தது போல ஒரு பக்குவம் வரும். அதுதான் பதம். அதற்குள் விதைக்க வேண்டும். தவறினால் மேல்மண் இறுகி வெடித்து, அந்த வருஷமே போய்விடும். விதைப்பில் முதல் கைப்பிடியை வீட்டுக்காரர்தான் வீசுவார். வேறு ஒருவர் வீசினால் அந்த வீட்டில் ஆண் இல்லை என்று அர்த்தம்.

“ஆள வச்சு விதைச்சிர வேண்டியதுதானட்டி” என்றேன்.

“வேற ஆளு மொதக் கையி போட்டா, அவிய இல்லன்னு நானே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிராதா? வாராவளா இல்லியான்னு கேட்டுட்டு வாங்க. சனிக்கெழமை மத்தியானத்துக்குள்ள வரணும். அதுக்கு மேல மண்ணு நிக்காது.”

அன்று புதன்கிழமை. வியாழன் விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஆனால் உட்கார்ந்த பத்தாவது நிமிஷத்திலேயே எழுந்து நிற்க வேண்டியதாயிற்று. எதிரே வந்த மாட்டு வண்டிக்கு வழிவிடப்போய், டிரைவர் இடது சக்கரத்தை ரோட்டைவிட்டு இறக்கிவிட்டார். கரிசல் மண்ணில் இறங்கிய சக்கரம் லேசில் ஏறுமா? ஆண்பிள்ளைகளெல்லாம் இறங்கித் தள்ளினோம். செருப்பில் மண் ஒட்டி, ஒட்டிய மண்ணில் மேலும் மண் ஒட்டி, ஆளாளுக்கு அரையடி வளர்ந்துவிட்டோம். தள்ளிய நேரத்தைவிடச் செருப்பைச் சுரண்டிய நேரம்தான் அதிகம்.

எனக்குப் பின் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். ஆபீசில் பாதிப் பேர் அந்தப் பேச்சுதான் என்பதால் எனக்கும் விளங்கும். “எங்கள் தெருவில் எல்லோரும் இன்றைக்கு விதைக்கிறார்கள். அந்தக் கடைசி வீட்டுக்காரி மட்டும் மாட்டைத் தடவிக்கொண்டு நிற்கிறாள்” என்றாள் ஒருத்தி. “பாவம், அவளுக்கு யார் இருக்கிறார்கள்?” என்றாள் மற்றவள். அவர்கள் சொன்னது வேறு யாரையோ. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது. டிரைவரிடம் போய், கொஞ்சம் வேகமாக ஓட்டக்கூடாதா என்று கேட்டேன். “இதென்ன ஏரோப்பிளேனா?” என்றார். பதில் நியாயம்தான்.

கரிசல் முடிந்து மணல் தொடங்குகிற இடம் கண்ணுக்குத் தெரியும். கறுப்பு வெளுத்துப் பழுப்பாகும். பருத்தியும் சோளமும் மறைந்து பனையும் உடைமரமும் வரும். பிறகு காற்றில் ஒரு பிசுபிசுப்பு. எஸ்தர் புருஷனுக்கென்று கொடுத்தனுப்பிய கடலை மிட்டாய்ப் பொட்டலம் பையிலேயே நெகிழத் தொடங்கிவிட்டது.

வேம்பாரில் இறங்கியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கரையில் விசாரித்ததில், தீவில் பாசி எடுக்கிறவர்களுக்குச் சாமான் கொண்டுபோகிற அந்தோணி என்ற படகுக்காரரைக் காட்டினார்கள். ஐம்பது வயதிருக்கும். வலையை விரித்துவைத்து அதன் நடுவில் உட்கார்ந்து கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“தனராசுதானே? இருக்காரு இருக்காரு. நாளைக்குக் காலையில போவம்.”

“இப்பவே போனா என்ன?”

“இப்பம் காத்து எதிர்க்க நிக்கி. கடலுக்கு நம்ம அவசரம் தெரியாது அண்ணாச்சி. உக்காருங்க.”

உட்காரவில்லை. கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஒரு கோடு மாதிரி தீவு தெரிந்தது. மாதா கோவிலில் மணி அடித்தது. ஒரு பெண் கூடை நிறையச் சாளைக் கருவாட்டை மணலில் பரப்பி, காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் குச்சியைக் காயவைப்பது போலத்தான், ஒவ்வொன்றும் ஒட்டாமல் வரிசையாக. இவளும் என்னைப் போல வானத்தைப் பார்த்துப் பயப்படுகிறவள் என்று நினைத்ததும் அந்த ஊர்மேல் கொஞ்சம் பிரியம் வந்தது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம் சேரும். மறுநாள் காலை அந்தோணி வீட்டில் இட்லிக்கு முந்தின நாள் மீன் குழம்பு ஊற்றினார்கள். எங்கள் வீட்டில் இட்லிக்கு மிளகாய்ப்பொடி, விசேஷமென்றால் சாம்பார். மீனையும் இட்லியையும் சேர்த்து யோசித்ததே இல்லை. எட்டு இட்லி தின்றேன். தங்கை வாழ்க்கை அந்தரத்தில் நிற்கும்போது எட்டு இட்லி இறங்கியதில் எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தோணியின் படகில் அரிசி மூட்டை, விறகு, இவற்றோடு நாலு பீப்பாய் குடிதண்ணீர். கடலுக்கு நடுவே தண்ணீர் சுமந்துகொண்டு போகிற கூத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். படகின் பின்னால் ஒரு வத்தையைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். வத்தை என்பது மரத்தில் செய்த ஒல்லியான சிறு ஓடம். இரண்டு பேர் முன்பின்னாக உட்காரலாம். மேற்கேயிருந்து அடிக்கும் கச்சான் காற்று அடங்கிய சமயம். கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் போலக் கிடந்தது. இருந்தும் எனக்கு எட்டு இட்லியும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

தீவைச் சுற்றிக் கடலடியில் கல் வளர்ந்து நிற்கிறது. அதற்குப் ‘பார்’ என்று பெயர். பெரிய படகு அதைத் தாண்டாது. வெளியிலேயே நங்கூரம் போட்டு, வத்தையில் நாலு நடையாகச் சாமான்களைக் கரை சேர்த்தார் அந்தோணி. தீவு மொத்தமும் ஒரு மைல் நீளம் இருக்காது. மணல், முட்புதர், ஓலைக்கொட்டகை இரண்டு. மனித வாடையே இல்லை.

“எல்லாரும் அந்தாக்குல, தீவுக்குப் பின்னால கெடக்காவ. உச்சிக்குச் சோத்துக்கு வருவாவ. நெழல்ல இருங்க.”

உச்சிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. மணலில் முள் அடர்ந்து கிடந்ததால் நடந்து போகவும் வழியில்லை. “வத்தையக் குடுங்க, நானே போறேன்” என்றேன்.

“ஓட்டத் தெரியுமா?”

“மாட்டுவண்டி ஓட்டியிருக்கேன்.”

அவர் சிரிக்கவில்லை. “கரையோரமாப் போனா இடுப்பளவுத் தண்ணிதான். கவுந்தா எந்திரிச்சி நின்னுக்கிடுங்க” என்று துடுப்பைக் கொடுத்தார்.

வண்டி மாடு, இடப்பக்கக் கயிற்றை இழுத்தால் இடப்பக்கம் திரும்பும். வத்தையில் இடப்பக்கம் துடுப்புப் போட்டால் அது வலப்பக்கம் திரும்புகிறது. இந்தச் சின்ன விஷயம் புரிய அரைமணி நேரம் பிடித்தது. அதுவரை செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றினேன். அந்தோணி கரையில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். ஆத்திரத்தில் ஓங்கிப் போட்டால் இன்னும் வேகமாகச் சுற்றியது. கடைசியில் கை ஓய்ந்துபோய், மெதுவாக இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று போட்டபோதுதான் வத்தை நேராகப் போனது. சின்ன வயதிலிருந்து ஆசிரியரும் மேனேஜரும் என்னிடம் சொல்லிச் சலித்த நிதானத்தை ஒரு மரத்துண்டு கற்றுக்கொடுத்துவிட்டது.

தீவின் மூக்கைத் தாண்டியதும் தண்ணீரின் நிறம் மாறிற்று. கண்ணாடி போன்ற தண்ணீருக்குக் கீழே பச்சையும் மஞ்சளுமாக அடித்தரை நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் ஏழெட்டு முதுகுகள் மிதந்தன. தலை தண்ணீருக்குள். அசைவே இல்லை. பிணங்கள் என்று நினைத்துத் துடுப்பை நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு முதுகு புரண்டு, காலில் கட்டிய தகரத் தட்டால் தண்ணீரை உதைத்து உள்ளே போயிற்று. மறுபடி வரும்போது கை நிறையப் பாசி. அதை இடுப்பில் கட்டிய வலைப்பையில் திணித்துவிட்டு, முகத்தில் இருந்த கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கியது அந்த உருவம்.

“மச்சான்?” என்றார் தனராஜ்.

ஆள் கறுத்து, இறுகி, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். எனக்கு அதுவே முதல் கோபம். இளைத்துப்போய், தாடி வளர்த்து, கண்ணீர் விட்டிருந்தால் பேசுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“மழை பேஞ்சிருக்கு மாப்பிள்ளை. பதம் வந்துட்டு. நாளை மத்தியானத்துக்குள்ள வரச் சொல்லி எஸ்தர் அனுப்பியிருக்கா.”

அவர் வத்தையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மிதந்தார். பிறகு, “ரொம்ப தூரம் வந்திருக்கீங்க. கீழ பாருங்க மச்சான். பாத்துட்டுப் பேசுவோம்” என்று தன் முகக்கண்ணாடியைக் கழற்றினார். சங்கு குளிக்கிற நண்பர் ஒருவர் தூத்துக்குடியிலிருந்து கொடுத்ததாம். ரப்பர் விளிம்பு, பக்கத்தில் மூச்சுவிட வளைந்த குழாய். வாயில் குழாயைக் கவ்வியபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தால் வாயாலேயே மூச்சு வாங்கலாம்.

கோபத்தோடுதான் இறங்கினேன். முகத்தை உள்ளே வைத்தேன். வைத்த வேகத்தில் துள்ளி எழுந்து, “தீ! தீ!” என்று கத்தினேன்.

சுற்றியிருந்த ஆட்களெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். உள்ளே படபடவென்று பொரிகிற சத்தம். மருந்துச் சட்டத்தில் ஒரு குச்சி பற்றி அடுத்தடுத்த குச்சிக்குத் தாவும்போது கேட்கும், அதே சத்தம். அது கேட்டால் வாளி மணலைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய உடம்பு இது. தனராஜ் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்துவிட்டார். “கல்லுக்குள்ள இருக்க சின்ன இறாலு மச்சான். எப்பமும் அப்படித்தான் சத்தம் போடும்.” வீட்டைவிட்டு ஓடிவந்தவர் சிரிக்கிறார், தேடி வந்தவன் நடுங்குகிறேன்.

மறுபடி பார்த்தேன். என்னவென்று சொல்ல? கல் என்றால் கல் இல்லை. பூவும் இல்லை. மான் கொம்பு மாதிரி, மூளை மாதிரி, அடுக்கி வைத்த அப்பளம் மாதிரி என்னென்னவோ ஊதாவிலும் பச்சையிலும். அவற்றுக்கு நடுவே மீன்கள். ஆபீசில் லேபிள் ஒட்டுகிற அறையில் இருக்கிற அத்தனை லேபிள் கட்டும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி. மஞ்சளில் கறுப்புக் கோடு, நீலத்தில் சிவப்பு விளிம்பு. கல்லின் தோளெல்லாம் பாசி, ஒரு சாண் உயரத்துக்கு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து ஆடிக்கொண்டு. களை எடுத்தது போல ஒழுங்கான பயிர். யாரும் உழவில்லை, யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.

எவ்வளவு நேரம் மிதந்தேனோ தெரியாது. பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் நான் சும்மா இருந்ததில்லை. அந்த நேரத்துக்கு எஸ்தர் ஞாபகம்கூட வரவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு புத்தி கெட்டது. எங்கள் பக்கம் நீச்சல் என்றால் கிணற்று நீச்சல். மேலிருந்து குதித்து, அடியைத் தொட்டு, தொட்டதற்குச் சாட்சியாக ஒரு பிடி மண் அள்ளிக்கொண்டு வர வேண்டும். எஸ்தர் கல்யாணத்துக்கு மறுநாள் தனராஜும் நானும் அப்படிப் போட்டி போட்டிருக்கிறோம். இங்கே இரண்டு ஆள் ஆழத்தில் வெள்ளை மணல் தெரிந்தது. விடுவேனா? மூச்சைப் பிடித்துத் தலைகீழாகப் போனேன். கிணற்று அடி இருட்டு, கண்ணை மூடிக்கொண்டுதான் அள்ளுவோம். அந்தப் பழக்கத்தில், முகத்தில் அவ்வளவு நல்ல கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளினேன்.

அள்ளியது மணலை இல்லை. விரல் நீள முள்ளோடு கறுப்பாக, உருண்டையாக ஒரு கடல் பிராணி. வலது உள்ளங்கையில் பத்துப் பதினைந்து முள் ஏறி உடைந்துவிட்டது. மேலே வந்து போட்ட சத்தத்தில் தீவிலிருந்த பறவைகளெல்லாம் எழும்பிப் பறந்தன.

கொட்டகை நிழலில் உட்காரவைத்து, சுடுமணலைத் துணியில் முடிந்து கைக்கு ஒத்தடம் கொடுத்தார் தனராஜ். ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். சோறும் சுட்ட சாளையும் பிசைந்து வைத்தார். நெகிழ்ந்துபோன கடலை மிட்டாயை அத்தனை பேருக்கும் பங்கிட்டுத் தான் ஒரு துண்டை வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார்.

“அவ செஞ்சதா?”

“கடையில வாங்கினது. அவ எங்கன செய்ய? ஒத்தையில மாட்டப் பாப்பாளா, மிட்டாய் செய்வாளா?” என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் பேசினார்.

“அந்தப் புஞ்சையில கெணறு வெட்டினது ஒங்களுக்குத் தெரியும்லா மச்சான். ரெண்டு வருசம். வெடி வச்சி, கல்லப் பேத்து, நாப்பது அடி. நானே உள்ள எறங்கி அள்ளுனேன். ஒரு சொம்பு ஈரம் வரல்ல. காலையில எந்திரிச்சா அந்தக் குழிதான் மொத கண்ணுல படும். அது என்னையப் பாத்துக்கிட்டே இருக்கும். இங்கன குனிஞ்சா தண்ணி. எனக்கு ராத்திரி உறக்கம் வருது மச்சான். அங்கன வரல்ல.”

“அவளுக்கு உறக்கம் வருதான்னு கேட்டீரா?” என்றேன். மாப்பிள்ளை என்ற மரியாதை நாக்கிலிருந்து நழுவிவிட்டது. “நீரு தோண்டுன குழியப் பாத்துக்கிட்டு அவதான உக்காந்திருக்கா? அவளையும் கூட்டிட்டு வந்திருக்கலாம்லா? ஒரு கடுதாசி போடக் கையி இல்லியா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “கூட்டிட்டு வந்தா அவளும் என்னையப் பாத்துக்கிட்டேதான் இருப்பா. என்னைய இங்கன பாக்கலன்னு சொல்லிருங்க. வேற ஊருக்குப் போயிட்டான்னு சொல்லிருங்க.”

எழுந்து நின்று கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. அடிக்கலாம் என்று கையை ஓங்கினால் கை வீங்கிப் பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது. எனக்கு ஆத்திரம் அவர்மேல் மட்டும் இல்லை. அந்த ஆள் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்தது. அதுதான் பொறுக்கவில்லை. சும்மா மிதந்த அந்த நேரத்தில் எனக்கும் திரும்பிப் போக மனம் இல்லாமல்தான் இருந்தது.

அந்தோணி வத்தையைத் தீவில் விட்டுவிட்டுக் காலிப் பீப்பாய்களோடு அன்றே போய்விட்டார்; தனராஜை எப்படியாவது கிளப்பிவிடலாம் என்று நான் தங்கிவிட்டேன். சனிக்கிழமை விடிந்ததும், அந்த வத்தையில் தனராஜே என்னைக் கரைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். என் கை துடுப்பைப் பிடிக்கிற நிலையில் இல்லை. நான் முன்னால், அவர் பின்னால். முகம் பார்க்காமல் பேசுவது சுலபமாக இருந்தது. நூறு காரணம் அடுக்கினேன். ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றேன். அந்தக் குழியை மூடிவிடலாம் என்றேன். அவர் துடுப்பை ஒரே சீராகப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் கரையில் இறங்கியவர் திரும்பிப் போகவில்லை. என் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிற்கிற இடம்வரை கூடவே வந்தார். வடமேற்கே பார்த்து, “அந்தப் பக்கம் வெயில் ஏறிட்டு. மேமண்ணு வெளுக்கத் தொடங்கியிருக்கும்” என்றார். வாயைத் திறந்தால் கெடுத்துவிடுவேன் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேசாமல் நின்றேன்.

பஸ் வந்தது. பையை உள்ளே வைத்தார். என்னைத் தோளைப் பிடித்து ஏற்றிவிட்டார். பிறகு கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தார்.

“ஏறுதீங்களா, இல்லியா?” என்றார் கண்டக்டர்.

படியில் இருந்த கால் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இறங்கியது. “மாட்டுக்கு எடப்பக்கக் கொம்புல புண்ணு இருந்துச்சி. ஆறிட்டான்னு பாருங்க” என்றார். விசில் ஊதிவிட்டார்கள்.

அந்த பஸ் பஞ்சராகவில்லை, மண்ணில் இறங்கவில்லை, ஒரு இடத்தில் நிற்கவில்லை. வேண்டாத நேரத்தில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். வழி முழுக்க எஸ்தருக்குச் சொல்வதற்கு ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டே வந்தேன். ஆளைக் காணவில்லை என்பது சரிப்படவில்லை. காய்ச்சலில் கிடக்கிறார், அடுத்த வாரம் வருவார் என்பது நன்றாக இருந்தது. அதற்குள் என்னவாவது நடக்கலாம், அவர் மனம் மாறலாம். என்ன காய்ச்சல், யார் கஞ்சி கொடுக்கிறார்கள், எல்லாம் யோசித்து முடித்துவிட்டேன்.

நாகலாபுரத்தில் இறங்கிப் புஞ்சைக்கு நடந்தேன். இரண்டு பக்கமும் விதைத்து முடித்த நிலம், சால் சாலாக. எஸ்தர் நிலம் மட்டும் மழை விட்டுப்போன மாதிரியே கிடந்தது. ஓரத்தில் ஏர் பூட்டி மாடு நின்றது. பக்கத்துப் புஞ்சைக்காரர் கந்தசாமி, காலையிலேயே பூட்டிவிட்டாராம், மேழியைப் பிடித்தபடி நின்றார். விதைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு எஸ்தர் நான் வருகிற வழியையே பார்த்திருந்தாள். நான் மட்டும் வருவதையும் பார்த்துவிட்டாள்.

“காய்ச்சலா கெடக்காவளா?” என்றாள், நான் வாயைத் திறப்பதற்கு முன்பே.

தலையை ஆட்டினால் போதும். அவளே எடுத்துக்கொடுக்கிறாள். குனிந்து காலடி மண்ணைப் பெருவிரலால் அழுத்தினேன். மேலே அப்பளம் மாதிரி காய்ந்திருந்தது, அடியில் இன்னும் ஈரம். சாயந்திரம்வரைதான் தாங்கும். நான் ஆமாம் என்றால் அவள் மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லுவாள்.

“காய்ச்சல் இல்லட்டி. நல்லாத்தான் இருக்காரு. வர மாட்டாரு.”

“இன்னைக்கா?”

“எப்பமும்.”

கந்தசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எஸ்தர் அழுவாள் என்று நினைத்தேன். அவள் பெட்டியைக் கீழே வைத்து, சேலை முந்தானையை இழுத்துச் செருகினாள்.

“நெசத்தச் சொன்னீங்களே அண்ணன். பொய்யச் சொல்லியிருந்தீங்கன்னா இந்த மண்ணு கல்லாப் போறத நானும் பாத்துக்கிட்டே நின்னிருப்பேன்.”

பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு நிலத்துக்குள் இறங்கினாள். நாலு எட்டு நடந்து நின்று, கண்ணை மூடி ஜெபம் செய்தாள். உளுந்தும் சோளமும் கலந்த விதையில் ஒரு கைப்பிடி அள்ளி, கிழக்கே பார்த்து வீசினாள். ஊரே பார்க்கும்படி பட்டப்பகலில் வீசினாள்.

“அண்ணாச்சி, ஓட்டுங்க” என்றாள் கந்தசாமியைப் பார்த்து. அவர் மாட்டை அதட்டினார்.